பணம் போயிருச்சா, போகப் போகுதா?

(தம்மம்பட்டியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கறவை மாட்டுக் கடன், வட்டி மானியம், காப்பீடு என்று நாலு காசு வருகிற விஷயமாகப் பேசினார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு ஆங்கில இலக்கணம். தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் ரெண்டு அக்கா எழுந்து டீ குடிக்கக் கிளம்பினதைப் பார்த்தேன். பரவாயில்லை, குடிச்சுட்டு வாங்க. ஆனால் நானும் காசு விஷயம்தான் பேசப் போகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் குழு உறுப்பினர்கள் சிலருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே ஒரு அக்கா செல்போனை நீட்டிக் கேட்டார்: "டீச்சர், இதுல பணம் போயிருச்சுன்னு போட்டிருக்கா, போகப் போகுதுன்னு போட்டிருக்கா?" அவருக்கு ஆங்கில எழுத்து தெரியும். 'அக்கவுண்ட்' தெரிகிறது, 'டெபிட்' தெரிகிறது, தொகை தெரிகிறது, 5ஆம் தேதி என்பதும் தெரிகிறது. தெரியாதது நடுவில் இருந்த ரெண்டு பொடிச் சொல். 'வில் பி டெபிட்டட்' என்று இருந்தது. பணம் இன்னும் போகவில்லை, 5ஆம் தேதி போகும் என்று அர்த்தம். அன்றைக்குக் கணக்கில் தொகை இல்லாவிட்டால் தவணை திரும்பிவிடும். திரும்பினதற்கு வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கும். போயிருச்சு என்று நினைத்து, இருக்கிற பணத்தை வேறு செலவுக்கு எடுத்திருந்தால் அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை நான் பாராட்டினேன். இலக்கணத்தின் உயிரே அந்தக் கேள்விதான். லோன், டியூ, பேலன்ஸ், வட்டி, பாஸ்புக் என்று பெயர்ச்சொல் எல்லாம் நமக்கு எப்பவோ பழகிவிட்டது. ஆனால் பெயர்ச்சொல் பொருளைத்தான் காட்டும். அது நடந்து முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, இனிமேல்தானா, செய்தது ஒருவரா பலரா என்பதைக் காட்டுவது வினைச்சொல். அதனால் இன்றைக்கு ரெண்டே விஷயம் சொல்கிறேன். ஒன்று, வினைச்சொல் காட்டும் காலம். இன்னொன்று, எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பார்க்க வேண்டும்.

இது ரெண்டும் வெள்ளைக்காரன் கொண்டு வந்த சரக்கு என்று நினைக்காதீர்கள். தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தின் முதல் இயலே இந்தப் பொருத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறது. உயர்திணைக்கு என்ன முடிவு, அஃறிணைக்கு என்ன முடிவு, ஆணுக்கு, பெண்ணுக்கு, பலருக்கு என்ன முடிவு என்று அங்கே வகுத்து வைத்திருக்கிறது. திணை, பால், எண், இடம், காலம் இவற்றில் பிசகினால் நம் இலக்கணத்தில் அதற்கு வழு என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நிகழ்காலம் காட்ட 'கிறு', 'கின்று' என்று எந்த எழுத்து எங்கே வரும் என்பது வரை சொல்கிறது. நாம் இதையெல்லாம் படிக்காமலேயே பேசுகிறோம். மூணு வயசுப் பிள்ளையிடம் போய் "அப்பா வந்தாள்" என்று சொல்லிப் பாருங்கள். கைகொட்டிச் சிரிக்கும். அந்தப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியும். அதன் பெயர்தான் தெரியாது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 'சேமி' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம், நம் குழுவின் சொல். நான் சேமிக்கிறேன், நாம் சேமிக்கிறோம், நீ சேமிக்கிறாய், நீங்கள் சேமிக்கிறீர்கள், அவன் சேமிக்கிறான், அவள் சேமிக்கிறாள், அவர் சேமிக்கிறார், அவர்கள் சேமிக்கிறார்கள், அது சேமிக்கிறது, அவை சேமிக்கின்றன. பத்து உருவம் ஆயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு எத்தனை? ரெண்டு. 'சேவ்', 'சேவ்ஸ்'. நடந்து முடிந்த காலத்துக்குத் தமிழில் மறுபடியும் ஒரு பத்து. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒன்றே ஒன்று, 'சேவ்டு'. பத்துப் பானையை அடுக்கி எடுத்து வைக்கிறவளுக்கு ரெண்டு பானை என்ன பாரம்?

அப்படியென்றால் ஏன் கஷ்டமாக இருக்கிறது? அந்த ரெண்டு பானையில் எது எங்கே என்பதில்தான் குழப்பம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லோடு 'ஸ்' ஒட்டினால் பெரும்பாலும் பலர், பல. 'மெம்பர்' ஒருவர், 'மெம்பர்ஸ்' பலர். இது எல்லோருக்கும் தெரியும். வினைச்சொல்லில் தலைகீழ். அங்கே 'ஸ்' ஒட்டினால் ஒருவர். 'தி மெம்பர் சேவ்ஸ்' என்றால் உறுப்பினர் சேமிக்கிறார். 'தி மெம்பர்ஸ் சேவ்' என்றால் உறுப்பினர்கள் சேமிக்கிறார்கள். இதை ஞாபகம் வைக்க வகுப்பில் ஒரு வழி சொல்வேன். வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இருப்பது ஒரே சாவி. சாவி மாமியார் இடுப்பில் இருந்தால் மருமகள் இடுப்பில் இருக்காது. 'ஸ்' பெயரிடம் இருந்தால் வினையிடம் இருக்காது, வினையிடம் இருந்தால் பெயரிடம் இருக்காது. நூற்றுக்கு நூறு சரி வராது. 'வுமன்' ஒரு பெண், 'விமென்' பல பெண்கள். அங்கே 'ஸ்' இல்லாமலே பன்மை. அதனால் 'விமென் சேவ்' என்றுதான் வரும். ஆனாலும் ஆரம்பத்துக்கு இந்தச் சாவிக் கணக்கு போதும். நானும் நீயும் நாமும் இந்தச் சாவிச் சண்டையில் இல்லை என்பதையும் ஞாபகம் வையுங்கள். 'ஐ சேவ்', 'யூ சேவ்', 'வி சேவ்'. அவன், அவள், அது மூன்றுக்கும், அதுவும் நிகழ்காலத்தில் மட்டும்தான் 'ஸ்'.

நம் மரியாதையும் ஒரு இடத்தில் குறுக்கே வருகிறது. மேனேஜர் ஒரே ஆள்தான். ஆனால் நாம் "மேனேஜர் வந்திருக்காங்க" என்போம். ஒருத்தரைப் பலராக்குவது நமக்கு மரியாதை. அதை அப்படியே கொண்டுபோய் 'மேனேஜர் ஹேவ் கம்' என்று எழுதக் கூடாது. ஆங்கில வினைச்சொல்லில் மரியாதைக்கு இடமே கிடையாது. கலெக்டரும் 'ஹேஸ்', காவல்காரரும் 'ஹேஸ்', கன்றுக்குட்டியும் 'ஹேஸ்'. பெரியவர்களை இப்படி எழுதக் கை கூசும். கூச வேண்டாம். அங்கே மரியாதையைச் சொல்வதற்கு 'சார்', 'மேடம்', 'ப்ளீஸ்' என்று வேறு சொற்கள் இருக்கின்றன.

இப்போது நான் சொல்லப்போவதுதான் முக்கியம். இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனாலும் போதும். தமிழில் வாலைப் பிடி, ஆங்கிலத்தில் தலையைப் பிடி.

'சேமித்துக்கொண்டு இருக்கிறாள்' என்று சொல்கிறோம். இதில் 'சேமித்துக்கொண்டு' என்பது நானானாலும் மாறாது, அவளானாலும் மாறாது. கடைசியில் வரும் 'இருக்கிறாள்' மட்டும் 'இருக்கிறேன்', 'இருக்கிறார்கள்' என்று மாறும். ஆளும் காலமும் வாலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதையே 'ஷி ஹேஸ் பீன் சேவிங்' என்பார்கள். நான் என்று மாற்றினால் 'ஐ ஹேவ் பீன் சேவிங்'. 'பீன் சேவிங்' அப்படியே நிற்கிறது. முதலில் நிற்கும் 'ஹேஸ்'தான் 'ஹேவ்' ஆயிற்று. ஆளும் காலமும் தலையில் இருக்கிறது. அதனால் வங்கியிலிருந்து எவ்வளவு நீளமான வரி வந்தாலும் பயப்படாமல் வினைத்தொடரின் முதல் பொடிச் சொல்லைப் பாருங்கள். 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்', 'ஹேஸ்', 'ஹேவ்', 'டஸ்', 'டிட்', 'வில்', 'ஷல்', 'மே'. ஒரு டஜன் கூட இல்லை. நம் அஞ்சறைப் பெட்டி மாதிரி, அளவு சின்னதுதான், குழம்பின் ருசியே அதில்தான் இருக்கிறது.

எழுவாயிலும் இதே கதைதான். 'உறுப்பினர்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது' என்று தமிழில் எழுதுகிறோம். இணைக்கப்பட்டது பட்டியல். அது கடைசியில், வினைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'தி லிஸ்ட் ஆஃப் மெம்பர்ஸ்' என்று பட்டியல் முன்னால் போய்விடும். 'மெம்பர்ஸ்' வினைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பதைப் பார்த்து 'ஆர்' போட்டுவிடுவோம். அங்கே 'இஸ்'தான் வர வேண்டும். 'ஒன் ஆஃப் தி மெம்பர்ஸ் ஹேஸ் நாட் பெய்ட்' என்றால் உறுப்பினர்களில் ஒருவர் கட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றால் அவரா வீட்டுக்காரர்? 'ஆஃப்' என்பதற்கு முன்னால் யார் இருக்கிறாரோ அவர்தான் வீட்டுக்காரர்.

இந்தப் பொருத்தம் வெறும் அழகுக்கு இல்லை என்பதற்கு நம் கடன் பத்திரமே சாட்சி. வங்கி இணைப்பில் கடன் வாங்கும்போது குழுவின் பெயரில் வாங்குகிறோம். 'தி குரூப் ஹேஸ் பாரோட்' என்று எழுதியிருக்கும். குழு ஒன்று, அதனால் 'ஹேஸ்'. பன்னிரண்டு பேர் இருந்தாலும், இருபது பேர் இருந்தாலும் வங்கியின் கண்ணுக்கு ஒரே ஆள். உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று ஒரு தொடர் வரும். சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு என்று அர்த்தம். 'ஆல் மெம்பர்ஸ் ஆர் லயபிள்' என்றால் எல்லோரும் பொறுப்பு. 'ஈச் மெம்பர் இஸ் லயபிள்' என்றால் ஒவ்வொருத்தியும் பொறுப்பு. 'ஆர்' என்று இருக்கும்போது கூட்டத்தில் ஒருத்தியாக மறைந்துகொள்ளலாம் என்று தோன்றும். 'இஸ்' வந்துவிட்டால் விரல் நேராக நம்மைப் பார்த்து நீளுகிறது. கையெழுத்துப் போடும் முன் அந்த 'இஸ்' யாரைச் சொல்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டாமா?

அடுத்தது காலம். பணம் வருவதை நாம் நான்கு விதமாகச் சொல்வோம். "வந்துச்சு", "வந்திருக்கு", "வந்துட்டு இருக்கு", "வரும்". ஆங்கிலத்திலும் இந்த நாலும் உண்டு. 'வாஸ் கிரெடிட்டட்' என்றால் வந்தது, என்றைக்கு என்று தேதி சொல்லும் பேச்சு. 'ஹேஸ் பீன் கிரெடிட்டட்' என்றால் வந்திருக்கிறது, எடுத்துப் பார்த்தால் இருக்கும். 'இஸ் பீயிங் ப்ராசஸ்டு' என்றால் வேலை நடந்துகொண்டு இருக்கிறது, இன்னும் கைக்கு வரவில்லை. 'வில் பி கிரெடிட்டட்' என்றால் இனிமேல்தான் வரும். வங்கிச் செய்தியில் 'இஸ் டெபிட்டட்' என்றும் வரும், தலையில் எதுவும் இல்லாமல் வெறும் 'டெபிட்டட்' என்றும் வரும். ரெண்டுக்கும் போய்விட்டது என்றே அர்த்தம். கடன் கேட்டவர்களுக்கு 'ஹேஸ் பீன் சாங்ஷண்டு' என்று வந்தால் ஒப்புதல் ஆகிவிட்டது. பணம் கைக்கு வர 'டிஸ்பர்ஸ்டு' என்ற இன்னொரு சொல் வர வேண்டும். ஒப்புதல் வந்த அன்றைக்கே மாட்டுக்கு அச்சாரம் கொடுத்துவிடக் கூடாது.

நம் பேச்சில் "வரும்", "கட்டுவோம்" என்பது ரெண்டு வேலை செய்கிறது. "அடுத்த மாசம் கட்டுவோம்" என்றால் எதிர்காலம். "மாசா மாசம் கட்டுவோம்" என்றால் வழக்கம். ஆங்கிலத்தில் வழக்கத்தைச் சொல்ல நிகழ்காலம்தான். 'வி பே எவ்ரி மந்த்'. தணிக்கைக்கு வந்தவர் கேட்கும்போது இதற்கு 'வி வில் பே' என்று சொன்னால், இதுவரைக்கும் கட்டவில்லை, இனிமேல்தான் கட்டப்போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒழுங்காகக் கட்டுகிற குழுவுக்கு ஒரு சொல்லால் கெட்ட பெயர் வரக் கூடாது.

'டிட்' என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர்க் குடத்தை ஒருத்தி தலையில் வாங்கிக்கொண்டால் கூட வருகிறவள் வெறுங்கையோடு நடப்பாள். ஒரே குடத்தை ரெண்டு பேர் தலையில் வைக்க முடியாது. 'டிட்' வந்துவிட்டால் காலத்தை அது தூக்கிக்கொள்ளும். அடுத்த வினை வெறுங்கை. அதனால் 'டிட் நாட் கம்' என்று வரும், 'டிட் நாட் கேம்' என்று வராது. 'டஸ் நாட் சேவ்' என்று வரும், 'டஸ் நாட் சேவ்ஸ்' என்று வராது. அந்த 'ஸ்' ஏற்கெனவே 'டஸ்' கையில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் தமிழ் பேசுகிறவர்களுக்கு நிஜமான சிக்கல். 'இல்லை' என்று சேர்த்துவிட்டால் நம் மொழியில் ஆள் வேற்றுமை போய்விடும். நான் வரலை, நீ வரலை, அவங்க வரலை, பணம் வரலை. ஒரே 'வரலை' எல்லோருக்கும் போதும். நேற்று வரவில்லையா, இன்னும் வரவில்லையா என்பதையும் நாம் பேச்சின் தோரணையில்தான் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்லியாக வேண்டும். 'ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு தி அமவுண்ட்' என்றால் இன்னும் வரவில்லை, நான் காத்திருக்கிறேன், நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். புகார் எழுதும்போது இதுதான் வேண்டும்.

கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் பணம் போய்விட்டால் எழுத வேண்டிய வரி வேறு. 'ஐ டிட் நாட் மேக் திஸ் ட்ரான்சாக்ஷன்', இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை. 'ஐ டோன்ட் மேக்' என்று எழுதினால், நான் இப்படிச் செய்கிற வழக்கம் இல்லை என்று பொதுவாகப் போய்விடும். 2017ல் ரிசர்வ் வங்கி கொடுத்த சுற்றறிக்கைப்படி, நம் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் மூன்றாம் ஆள் எடுத்த பணத்தை மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் அந்த நஷ்டம் நம் தலையில் விழாது. ஓடிபி சொல்லிக் கொடுத்துவிட்டால் கதை வேறு. அதனால் அந்த 'டிட் நாட்' வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம்முடையது. வெளியூர்க்காரர்கள் விலை விசாரிப்பதும் ஆர்டர் கொடுப்பதும் இப்போது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. 'தி ஐடல் இஸ் ரெடி' என்றால் ஒரு சிலை தயார். 'தி ஐடல்ஸ் ஆர் ரெடி' என்றால் சொன்ன அத்தனையும் தயார். ஒரு சிலைதான் முடிந்திருக்கிறது என்றால் முதல் வரியைத்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் அத்தனைக்கும் லாரி பேசிவிடுவார். பாலிஷ் போட்டுக்கொண்டு இருக்கும்போது 'இஸ் பீயிங் பாலிஷ்டு' என்று சொல்லத் தெரிந்தால், "முடிஞ்சிருச்சா, முடியலையா" என்று பத்துத் தடவை போன் வராது. மசாலாப் பொடி, அப்பளம், தையல் எதுவானாலும் 'அனுப்பிவிட்டோம்', 'அனுப்பப் போகிறோம்' என்ற ரெண்டையும் சரியாகச் சொன்னாலே பாதி வியாபாரம் நாணயமாகிவிடும்.

கடன் பத்திரத்தில் இன்னும் மூணு சொல்லைக் கவனியுங்கள். 'ஷல்' என்று இருந்தால் அது வெறும் எதிர்காலம் இல்லை, கட்டாயம். 'தி பாரோயர் ஷல் ரீபே' என்றால் கடன் வாங்கியவர் கட்டியே ஆக வேண்டும். 'மே' என்பது கேட்க மெதுவாக இருக்கும். 'தி பேங்க் மே ரீகால் தி லோன்' என்றால் வங்கி கடனைத் திரும்பக் கேட்டாலும் கேட்கலாம் என்பது போலத் தோன்றும். உண்மையில் அப்படிக் கேட்கும் உரிமையை நாம் எழுதிக் கொடுக்கிறோம். மூன்றாவது 'இஃப்'. 'வில் பி சார்ஜ்டு' என்று பார்த்துப் பயந்துவிடாமல் அதே வரியில் 'இஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தவணை தவறினால் மட்டும் பிடிக்கும் கட்டணம் அது. 'ஷல்', 'மே', 'வில்' மூன்றுக்கும் 'ஸ்' ஒட்டாது. குழு என்றாலும் அதேதான், ஒருத்தி என்றாலும் அதேதான்.

ஏமாற்றுகிறவர்களும் காலத்தை வைத்துத்தான் பயம் காட்டுகிறார்கள். 2022ல் நம் மாநிலம் முழுக்க, மின் கட்டணம் கட்டவில்லை, இன்று ராத்திரி மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசு என்று செய்தி வந்தது. மின்வாரியமே அதை நம்ப வேண்டாம் என்று அறிவித்தது. அந்தச் செய்தியில் 'வில் பி டிஸ்கனெக்டட்' என்று எதிர்காலம். இன்னொரு வகை, 'யுவர் அக்கவுண்ட் ஹேஸ் பீன் பிளாக்டு' என்று முடிந்துபோனதாகச் சொல்வது. மூன்றாவது வகை, 'யூ ஹேவ் வொன்', நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்பது. சீட்டே வாங்காதவளுக்குப் பரிசு எப்படி விழும்? வினைச்சொல்லைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, இது நடந்ததாகச் சொல்கிறதே, என் பாஸ்புக்கில், என் மின் அட்டையில் நடந்திருக்கிறதா என்பதுதான். இப்படிப்பட்ட செய்திகளில் 'அக்கவுண்ட் ஆர்', 'கஸ்டமர் ஹேவ்' என்று பொருத்தம் தப்பியிருந்தால் அது ஒரு எச்சரிக்கை மணி. ஆனால் பிழையில்லாமல் எழுதும் திருடனும் இருக்கிறான். இலக்கணம் சரியாக இருக்கிறது என்பதற்காக ஆளை நம்பிவிடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரியாதது நம் குற்றம் இல்லை. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளின்படி, கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். "தமிழ்ல குடுங்க" என்று கேட்பது சலுகை இல்லை, உரிமை. முதலில் அதைக் கேளுங்கள். ஆனால் செல்போனுக்கு வரும் செய்தியில் பாதி இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அதைப் படித்துக் காட்ட மகனையும், பக்கத்து வீட்டுத் தம்பியையும், கடைக்காரரையும் தேடிப் போகிறோம். அவர்களில் நல்லவர்கள் நிறைய. ஆனாலும் நம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நம் காசு ரகசியம் நம்மிடம் இருக்க வேண்டும் என்றால் அந்தப் பொடிச் சொற்கள் நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் சரித்திரத்தையே காட்டுகிறேன். 1989ல் பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் குழுக்கள் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில், நாமக்கல் பிரியாமல் இருந்த பழைய சேலம் மாவட்டத்துக்கு வந்தன. 1992ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கியது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் குழுவுக்கு வந்துதான் கையெழுத்துப் போடப் பழகினார்கள். அதே காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தார். எழுத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள் என்று கேட்ட ஊர்களில் அப்புறம் அந்தச் சைக்கிளில்தான் தண்ணீர்க் குடம் வந்தது. கையெழுத்துப் போடப் பழகிய கைக்கு, கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதுதான் அடுத்த படி.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வாராந்திரக் கூட்டத்தில் சேமிப்பு வசூலித்து, தீர்மானம் எழுதி முடித்த பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள. அந்த வாரம் யாருக்காவது வந்த ஒரு செய்தியை, கணக்கு எண்ணையும் தொகையையும் மறைத்துவிட்டு, கரும்பலகையில் எழுதுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். வினைத்தொடரின் தலை எது? அது ஒருவரைச் சொல்கிறதா, பலரையா? நடந்ததா, நடக்கிறதா, நடக்குமா? பதில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லட்டும். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை தானும் மறக்காது. வாரத்துக்கு ஒரு செய்தி என்றால் வருஷத்துக்கு ஐம்பது செய்தி. வங்கி அனுப்பும் செய்தி மாதிரிகள் அதற்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சேர்த்து இந்தக் கூட்டமைப்பை இந்த அளவுக்குக் கொண்டு வந்தவர்கள் நீங்கள். சொல்லையும் அப்படியே சேர்க்கலாம். நான் ஞாயிறுதோறும் வருகிறேன், நீங்களும் வாருங்கள்.